எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது

ஆடிட் சாரின் காரை எங்கள் நங்கநல்லூர்த் தெருவில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. எப்போதும் உறை போட்டிருக்கும். ஞாயிறு காலை ஆறரைக்கு உறை விலகும். ஆஞ்சநேயர் கோயில் வரை ஒரு நடை. திரும்பி வந்ததும் டேஷ்போர்டிலிருந்து டைரி வெளியே வரும். கிளம்பியபோது எத்தனை கிலோமீட்டர், வந்து சேர்ந்தபோது எத்தனை, வழியில் மாடு குறுக்கே வந்ததா என்பது வரை பதிவாகும். வெள்ளை வேகன் ஆர், வயது ஏழு, ஓடியது 1,412 கிலோமீட்டர். மவுன்ட் ரோடு பக்கம் வேலை இருந்தால் மெட்ரோவில் போவார். "பார்க்கிங்ல எவனாவது உரசிட்டா?" என்பது அவர் வாதம்.

மற்றவர்கள் கார் வாங்குவது எங்காவது போவதற்கு. இவர் வாங்கியது நோ க்ளெய்ம் போனஸுக்கு, சுருக்கமாக என்.சி.பி.க்கு. ஒரு வருஷம் இன்சூரன்ஸில் க்ளெய்ம் கேட்காமல் இருந்தால் அடுத்த பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் வருஷம் 50 சதவீதத்தில் நிற்கும். மகனுடைய பிளஸ் டூ மார்க்கைக் கேட்டால் சற்று யோசிப்பார். இதை யோசிக்காமல் சொல்வார். "மொத்த பிரீமியத்துல பாதியா சார்?" என்று யாராவது விவரம் தெரியாமல் வாயைத் திறந்தால் தீர்ந்தது. "ஓன் டேமேஜ் பிரீமியத்துல மட்டும். தர்ட் பார்ட்டிக்குச் சல்லிக்காசு குறையாது" என்று ஆரம்பித்து, 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வரை நடத்திவிட்டுத்தான் விடுவார்.

இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தணிக்கைத் துறையிலோ, தொலைபேசி இலாகாவின் கணக்குப் பிரிவிலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள். அலுவலகம் விட்டாலும் சிவப்புப் பேனா விடாது. மளிகைக்கடைச் சீட்டு, கேஸ் சிலிண்டர் ரசீது, பேரன் பள்ளியின் ஃபீஸ் கார்டு என்று கூட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தெய்வம் அப்படிப்பட்டவர்களை வெகுநாள் சோதிப்பதில்லை. ஆடிட் சாருக்கும் ஒரு ரினியூவல் நோட்டீஸ் வந்தது.

அதில் போனஸ் 50 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

போன் போட்டார். சென்ற ஆண்டு ஒரகடத்தில் அவருடைய கார் மீது பின்னாலிருந்து லாரி மோதியதாகவும், பம்பர், டிக்கிக் கதவு, டெயில் லாம்ப் எல்லாம் மாற்றி 18,340 ரூபாய் கேஷ்லெஸ்ஸில் கொடுத்திருப்பதாகவும் ஒரு பெண் பணிவாகச் சொன்னாள்.

"ஒரகடமா?"

"ஆமா சார். ஒரகடம்."

நீங்களும் நானும் காசு போச்சே என்று கத்தியிருப்போம். அவருக்குக் காசு நினைவுக்கே வரவில்லை. நேரே வெளியே போய், உறையைத் தூக்கி, பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"விபத்தே நடக்கலைம்மா."

"நடக்கலைங்கறதுக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்கா சார்?"

அந்தக் கேள்வியில் அவருடைய ஆயுள் பத்து வருஷம் கூடியது என்றுதான் நான் நினைக்கிறேன். மறுநாளே காவல் நிலையத்துக்குப் போய், விபத்து நடக்கவில்லை என்று ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டார். "நடக்காததையெல்லாம் எழுதறதுன்னா ரிஜிஸ்டர் பத்தாது சார்" என்று எஸ்.ஐ. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு கடிதங்களுக்குப் பிறகு கம்பெனி, வண்டியைப் பார்க்க ஒரு பையனை அனுப்பியது. உறை கழன்றது. பையன் குனிந்து பார்த்தான், படுத்துப் பார்த்தான், செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். கீறல் கிடையாது, பெயின்ட் நிறத்தில் மாற்றம் கிடையாது. ஆடிட் சார் மனைவியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். மோரைக் குடித்துவிட்டுப் பையன் எழுதிய அறிக்கை: பழுதுபார்ப்பு மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டுள்ளது.

அன்று மாலைதான் ஃபைல் திறக்கப்பட்டது. பச்சை நாடா கட்டிய அட்டை. முதல் பக்கத்தில் பொருளடக்கம். ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் எண். பாலிசி நகல்கள், பெட்ரோல் பில்கள், சர்வீஸ் ரசீதுகள், டைரியின் ஜெராக்ஸ். விபத்து நடந்ததாகச் சொன்ன தேதியில் மைத்துனர் வீட்டு வளைகாப்பில் தான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்த போட்டோவும் அதில் உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் அவருக்கு மட்டும் மாதக் கணக்கு ஆரம்பித்தார்.

ஆடிட் சாருக்குத் தெரிந்த ஒரு விஷயம் கம்பெனிக்குத் தெரியவில்லை. சர்வே ரிப்போர்ட் என்று ஒன்று இருந்தால் அதில் சேசிஸ் நம்பர் இருக்கும். கிலோமீட்டர் ரீடிங்கும் இருக்கும். அந்த ஒரு தாள் கிடைத்தால் கதை முடிந்தது. கேட்டார்.

"அதை க்ளெய்ம் பண்ணினவங்களுக்குத்தான் சார் கொடுப்போம்."

"நான்தான் க்ளெய்ம் பண்ணினேன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"நீங்க பண்ணலைன்னு சொல்றீங்களே சார்."

"சரி, பண்ணினேன்னு வெச்சுக்குங்க. கொடுங்க."

"பண்ணினேன்னு எழுதிக் கொடுங்க சார்."

எழுதிக் கொடுத்தால் கேஸ் போச்சு. கொடுக்காவிட்டால் தாள் கிடைக்காது. மூன்று நாள் வாக்கிங் போகவில்லை மனிதர். நான்காம் நாள் ஒரு கடிதம் போயிற்று. அதன் முதல் வரியை எங்கள் தெருவில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "தங்கள் கூற்றின்படி மட்டும் க்ளெய்ம் கோரியவனும், என் கூற்றின்படி கோராதவனும் ஆகிய நான்..."

அதற்குப் பதில் எழுதும் தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருக்கவில்லை. இதற்கிடையில் பாலிசி முடியும் நாள் நெருங்கியது. பாலிசி இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கக்கூடாது. முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸே போய்விடும். முழுப் பணத்தையும் கட்டினார். கட்டும்போது யு.பி.ஐ.யில் குறிப்பு எழுதும் கட்டத்தில் 'எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது' என்று தட்டினார். பால்காரருக்குப் பணம் அனுப்பும்போதும் அது பழக்கதோஷமாகப் போய்விட, பால்காரர் இரண்டு நாள் பயந்துகொண்டே வந்தார்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான 'பீமா பரோசா'விலும் பதிந்துவிட்டு, தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்கு மனுப் போட்டார். அங்கே கட்டணம் கிடையாது. அதைவிட, வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும் என்ற விதியைப் படித்தபோது அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை, அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று தொகுப்புரை பழகினார்.

விசாரணைக்கு முந்தைய வாரம் கம்பெனி சரணாகதி அடைந்துவிட்டது. மோதுண்ட 4587 என்ற வண்டியை யாரோ ஆடிட் சாரின் 4578 என்று தட்டியிருக்கிறார்கள். நொறுங்கிய காரின் மீட்டரில் 61,000 கிலோமீட்டர். சேசிஸ் நம்பரில் ஒற்றுமையே கிடையாது. வருத்தம் தெரிவித்து, போனஸை 50க்கே திருப்பி, 2,150 ரூபாயைக் கணக்கில் போட்டார்கள். "பேசவே விடலையே" என்று கஞ்சிச் சட்டையை மடித்து உள்ளே வைத்தார்.

அன்றிலிருந்து தெருவில் அவருக்கு மரியாதையே வேறு. பம்பரில் இடித்துக்கொண்டவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். நியாயமான க்ளெய்ம் கேட்க வந்தவர்களையும் விரட்டிவிடுவார். "பிளாஸ்டிக்குன்னா தேய்மானம்னு பாதியக் கழிப்பான். அப்புறம் கட்டாயக் கழிவு ஆயிரம். மிச்சத்துக்கு ஆசைப்பட்டு அம்பது சதவீதத்த விடுவீங்களா? டிங்கரிங் கடையில தட்டிக்குங்க!" எதிர்வீட்டுக்காரர் காரின் முன்பக்கம் இன்றைக்கும் தட்டிய தகரமாகத்தான் இருக்கிறது. போனஸ் மட்டும் பத்திரம்.

கேஸ் முடிந்ததென்று ஃபைலை மட்டும் யாரும் கட்டி வைத்துவிட முடியாது. திரும்பி வந்த 2,150 ரூபாயின் மேல் முதலில் வசூலித்த ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 387 ரூபாய் வரவில்லை. பொருளடக்கத்தில் இரண்டாம் பாகம் தொடங்கியாயிற்று.

நடுவில் ஆடிட் சாரின் மனைவிக்கு ஒரு வேண்டுதல். கேஸ் ஜெயித்தால் மாங்காட்டு அம்மனுக்குப் புடவை சாத்துவதாக. "நம்ம கார்லயே போயிடலாமேங்க" என்றார். ஆடிட் சார் திடுக்கிட்டுப் போனார். கிளம்பும் நாளில் வாசலில் கால் டாக்ஸி நின்றது. வழியனுப்ப நானும் வாசலில் நின்றேன். முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டவர், வண்டி நகரும் முன்னே டிரைவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க வண்டிக்கு என்.சி.பி. எவ்வளவு ஓடுது?"

"ஓனரைத்தான் சார் கேக்கணும்."

"நம்பர் கொடு," என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.