ஓசூர்த் தொட்டிகளில் தோன்றும் மஞ்சள் பூ மூவிலைச் செடி: ஓர் அடையாள ஆய்வு

ஓசூரில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கும் எவரும் இச்சிக்கலிலிருந்து தப்பியதில்லை. ரோஜாவுக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் குடிப்பது, தொட்டியோரத்தில் மூவிலையும் மஞ்சள் பூவுமாகப் படரும் ஒரு செடி. பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் சான்றோர் இதைக் 'க்ளோவர்' என்கின்றனர். ஆதாரமாகக் கைபேசியை நீட்டுகின்றனர்.

இவர்கள் வாதம் முழுக்க இலைக்கணக்கில் நிற்கிறது. மூன்றிருந்தால் க்ளோவர் என்றால், சந்திரசூடேசுவரர் மலையில் அர்ச்சனைக்குப் போகும் வில்வமும் க்ளோவர்தான். குருக்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

க்ளோவர் துவரை, மொச்சையின் குடும்பம். அதன் பொடிப்பூக்கள் ஒரே கொண்டையாகக் கூடியிருக்கும். நம் செடியிலோ ஐந்திதழ்ப் பூ தனித்தனியே விரிகிறது; ஒவ்வொரு சிற்றிலையும் நுனி பிளந்து இதய வடிவில் இருக்கிறது. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதையை எறிகிறது. ஒரு தொட்டியில் பிடுங்கினால் அடுத்த தொட்டியில் முளைப்பதன் மர்மம் இதுவே.

க்ளோவரின் உறவு ஒன்று ஓசூருக்குப் பழக்கம்தான்: குதிரைமசால். 1824-இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரிப் பண்ணை இருக்கும் ஊரில் இத்தீவனத்தை அறியாதவர் குறைவு. ஆனால் அது ஊதாவில் பூக்கும், ஆகவே வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறது. நாலிலை கண்டால் அதிர்ஷ்டம் என்று ஏரிக்கரையில் குனிவோருக்கு ஒரு செய்தி: அங்கே கிடைப்பது ஆரைக்கீரை. பெரணி இனமாதலால் அது பூப்பதே இல்லை.

இனி முதன்மைச் சோதனை. கருவி, நாக்கு. ஓர் இலையைக் கழுவி மெல்லவும். கண் தானாக இடுங்கினால் முடிவு உறுதி: புளியாரை. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா என்று பெயரிட்டார். நம் பாட்டிமார் அதற்காகக் காத்திராமல் துவையல் அரைத்துவிட்டனர். புளிப்புக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலமே பித்தளை விளக்கையும் பளிச்சிட வைப்பது. கைபேசி இவ்விரண்டில் ஒன்றையும் செய்ததாகச் சான்றில்லை.

எனவே க்ளோவர் கட்சியின் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. சிறுநீரகக் கல் உள்ள வாசகர்கள் மட்டும் இச்சோதனையைப் பக்கத்து வீட்டுக்காரர் நாக்கைக் கொண்டு நடத்திக்கொள்ளவும்.