கடலுக்கடியில் ஒரு குடியானவன்

மாமல்லபுரம்: நம்ம ஊர்க் கடலில் மூழ்கிய நகரத்தை வைத்து விக்டோரியா காலத்துக் கவிஞர் ஒருவர் காவியமே எழுதியிருக்கிறாராமே?

எழுதியவர் ராபர்ட் சௌத்தி. காவியம் ‘கெஹாமாவின் சாபம்’. வெளிவந்தது 1810இல், விக்டோரியா பிறந்ததே 1819இல்தான்!

மதுராந்தகம்: என்ன கதை?

கெஹாமா, யாகம் செய்தே தேவர்களை நடுங்கவைக்கும் ராஜா. அவன் மகன் ஒரு குடியானவப் பெண்ணிடம் அத்துமீற, அவள் அப்பன் லதுர்லாத் கட்டையை எடுத்து ஒரே போடு, இளவரசன் காலி. ராஜா சாபம் விடுகிறான்: நீரும் நெருப்பும் உன்னை அண்டாது, தூக்கம் வராது, சாவும் வராது, நெஞ்சு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. மாபலியின் மூழ்கிய நகரத்தில் ஒரு தேவகுமாரன் சிறைப்பட்டுக் கிடக்கிறான். நீர்தான் அண்டாதே, அவனை மீட்க லதுர்லாத் நனையாமல் கடலுக்குள் நடந்தே இறங்குகிறான். காவலுக்கு நிற்கும் பூதத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டு. பூதத்துக்குக் களைப்பு உண்டு. இவனுக்குத் தூக்கமே கிடையாது. பூதம் ஓய்ந்து செத்தது. ராஜா கொடுத்த தண்டனையே குடியானவன் கையில் ஆயுதம்! சௌத்தி எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.

கோவளம்: சௌத்தி இங்கே வந்து பார்த்தாரா?

இந்தியப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. 1770களில் இங்கு வந்துபோன வில்லியம் சேம்பர்ஸ் எழுதி, 1788இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வந்த கட்டுரைதான் கைமுதல். கடலுக்குள் கோயில் உச்சிகளின் செப்புத் தகடு விடியலில் மின்னியதை ஊர்ப் பெரியவர்கள் பார்த்ததாக அதில் உண்டு. ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன்தான் பாவம், காவியத்தில் இல்லை.

திருக்கழுக்குன்றம்: நிஜமாகவே கடலுக்கடியில் ஏதாவது உண்டா?

2002இல் முக்குளித்த ஆய்வாளர்கள் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன. பூதம் அகப்படவில்லை.

கல்பாக்கம்: சௌத்தி புரட்சிக்காரரா?

இளமையில் அசல் புரட்சிக்காரர். கவிஞர் கோல்ரிட்ஜோடு சேர்ந்து, அமெரிக்காவில் தனிச்சொத்தே இல்லாத குடியிருப்பு அமைக்கத் திட்டம் போட்டார். 1794இல் விவசாயிகள் கலகத்தைப் பாடும் ‘வாட் டைலர்’ நாடகத்தை எழுதினார். 1813இல் அரசவைக் கவிஞராகிவிட்டார். 1817இல் யாரோ அந்தப் பழைய நாடகத்தை அச்சடித்து விற்க, தடை கேட்டுக் கோர்ட்டுக்கு ஓடினார். ‘கலகம் தூண்டும் எழுத்துக்குச் சட்டம் காவல் நிற்காது’ என்று நீதிபதி கைவிரித்துவிட்டார். (கவிஞர் பைரன் இதையெல்லாம் சும்மா விடுவாரா? வாழ்நாள் முழுக்க வாரினார்.)

அச்சரப்பாக்கம்: கெஹாமா என்ன ஆனான்?

பேராசையில் அமிர்தம் குடித்து, எமனின் சிம்மாசனத்தைத் தாங்கும் சிலையாகிப்போனான். தண்டித்தது தெய்வம்; ஜனங்களுக்கு அதில் வேலையே இல்லை. பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’யை எடுத்துப் பாருங்கள்: கொலைக்களத்தில் நின்று கவிஞன் பேசுகிறான், ஊரே பொங்கி எழுகிறது, மன்னன் ஓட்டம் பிடிக்கிறான். என் ஓட்டு பாரதிதாசனுக்கு.

செங்கல்பட்டு: புரட்சியில் எங்கள் ஊருக்குப் பங்கே கிடையாதா?

என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! 1929 பிப்ரவரி 17, 18இல் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்ததே உங்கள் ஊரில்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது, பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989இல்.