சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர்

மாசத்தில் பாதி நாள் காசி, கயா. மீதி நாள் கீரமங்கலம். ரிட்டயர்டான வாத்தியார்களில் தெருவுக்கு ஒருவர் இப்படிக் கிளம்பிவிட்டார். "பயணமும் வேணும், வீடும் வேணும். ரெண்டும் சரிபாதியா இருக்கணும் தம்பி" என்பார் எங்கள் தெரு அண்ணன். சரிபாதிதான். பயணம் அவருக்கு, வீடு எனக்கு.

சாவியைக் கையில் திணிக்கும்போது, "செடிக்கு மட்டும் ரெண்டு குடம் ஊத்திரு." புதுக்கோட்டையில் ஏறிய ரயில் திருச்சியைத் தாண்டுவதற்குள் போன்.

"மும்முனை கரண்டு வந்துருச்சா? மோட்டாரைப் போட்டியா?"

"போட்டாச்சுண்ணே."

"தென்னம்புள்ளைக்குப் பாத்தி நிறைஞ்சிருச்சா? ஒரு போட்டோ அனுப்பு."

அனுப்பினால், "கிழக்கால நிக்கிறது ஏன் சோர்ந்த மாதிரி இருக்கு?"

கங்கை ஆரத்தியை வீடியோ காலில் காட்டுவார். கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள், மணிச்சத்தத்துக்கு நடுவே, "தேங்கா வெட்ட ஆள் வந்தானா?" மே மாசம் கேதார்நாத்தில் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கி கமிஷன் கடையில பலா என்ன விலைக்குப் போச்சு?" என்றவர். குதிரைக்காரன் என்ன நினைத்தானோ!

அஜந்தா ஓவியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். சித்தன்னவாசல் பார்த்ததில்லை. "அது எங்க போயிறப் போகுது, பக்கத்துலதானே கெடக்கு."

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோதும் மனிதர் காசியில்தான். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கரண்டு போனது, டவர் போனது. பல நாள் கழித்து சிக்னல் கிடைத்ததும் முதல் போன் அவருடையது. மோட்டாரைக் கேட்கவில்லை. "புள்ளைக பயந்துருச்சுகளா தம்பி?" என்றார், குரல் உடைந்தது. அப்புறம்தான் மரங்கள். வரப்போரத்து மரம், கிணத்தடி மரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். ஊரில் இருக்கிற எனக்கு அத்தனை அடையாளம் தெரியாது. அதற்கப்புறம் வைத்தவைதான் நான் தண்ணீர் பாய்ச்சும் தென்னம்பிள்ளைகள். காய்க்கத் தொடங்கிவிட்டன, அவருக்கு இன்னும் பிள்ளைகள்தான்.

எல்லாம் சரி. நான் எப்போது வெளியூர் போவது? சின்னவனுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்க வேண்டும், ரெண்டு நாள் வேலை. சொன்னேன். காலண்டரைப் புரட்டினார். "அந்த வாரம் நாங்க துவாரகையில இருப்போமேப்பா. அடுத்த மாசம் வச்சுக்க... இரு இரு, அப்ப பூரி."

பையனுக்கு அவன் அம்மா சடை போட ஆரம்பித்துவிட்டாள்.