அடித்துணி குறைதீர்க்கும் நாள்

கே: முதல் க்வில்ட். மேல்துணியை ஒட்டுப் போட்டு முடித்துவிட்டேன்: ஐந்தடி அகலம், ஆறடி நீளம். அடித்துணியும் அதே அளவு போதும்தானே?

ப: போதாது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது துணி சுருங்கும், நகரும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கடைசி மூலைக்கு வரும்போது மேல்துணி இருக்கும், அடித்துணி இருக்காது. நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக விடுவது வழக்கம். 60க்கு 72 அங்குல மேல்துணி என்றால், அடித்துணி 68க்கு 80. மிச்சத்தைத் தைத்து முடித்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கே: 68 அங்குல அகலப் பன்னாவே இல்லை, 44தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். எத்தனை மீட்டர் வாங்குவது?

ப: இங்கேதான் முதல் தடவை தைப்பவர்களின் காசு கரைகிறது. இரண்டு துண்டு வாங்கி நீளவாக்கில் பக்கத்தில் பக்கமாக வைத்து இணைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் 80, 80 என்று 160 அங்குலம். சுருக்கத்தையும் சேர்த்தால் நாலேகால் மீட்டருக்கு மேல். ஒன்றின் கீழ் ஒன்றாக, இணைப்புத் தையல் குறுக்கே வரும்படி வைத்தால் 68, 68 என்று 136தான். மூன்றே முக்கால் மீட்டரில் வேலை முடியும். துவைத்துக் கரையை வெட்டிய பிறகு 44 பன்னா 41 ஆகும். இரண்டையும் இணைத்தால், தையலுக்கு ஒரு அங்குலம் போக 81. தேவை 80. ஒரு அங்குலம் லாபம்!

போர்வையின் நீளம் கூடினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். தொண்ணூறு அங்குலப் போர்வைக்குக் குறுக்கே மூன்று துண்டு வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பது உத்தமம். கடையில் நின்றுகொண்டு போட்டால், விற்பனையாளர் சொல்லும் விடை எப்போதும் பெரியதாகத்தான் இருக்கும்.

கே: கரையை வெட்டத்தான் வேண்டுமா? அங்கேதான் துணி நூல் பிரியாமல் கெட்டியாக இருக்கிறது.

ப: அந்தக் கெட்டிதான் பிரச்சினை. கரையில் நெசவு நெருக்கம். துவைத்தால் மற்ற இடத்தைப் போல அது சுருங்காது. கரையோடு கரை வைத்துத் தைத்த போர்வை, நாலு சலவைக்குப் பிறகு நடுவில் சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கொள்ளும். வெட்டிவிட்டு, அரை அங்குலம் உள்ளே தைத்து, தையல் மடிப்பை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் தடிப்புத் தெரியாது.

கே: புதுத் துணியைத் துவைத்து, அதன் பளபளப்பைக் கெடுப்பானேன்?

ப: பளபளப்பில் பாதி கஞ்சி. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர் முதலில் அதைத் தண்ணீரில் நனைத்துப் போடுவது ஏன்? தைத்த பிறகு அது மட்டும் சுருங்கினால் புடவை ஓரம் நெளியும். அதே கதைதான் இங்கேயும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் வரும் காடா துணி என்றால் கேட்கவே வேண்டாம். பாவு நூல் தறியில் அறுந்துவிடக் கூடாதென்று சைசிங் மில்லில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். ஊறவைத்த தண்ணீர் வடிகஞ்சி நிறத்தில் வரும். வெந்நீரில் ஊறவைத்து, அலசி, பாதி ஈரத்திலேயே இஸ்திரி போட வேண்டும். மடித்தால் நாலு மூலையும் ஒன்றோடொன்று சேராமல் கோணிக்கொண்டிருந்தால், ஈரம் இருக்கும்போதே எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம்.

கே: சாயம் போகாமலிருக்க உப்பும் வினிகரும் போடச் சொல்கிறாள் தோழி.

ப: தோழி ஊறுகாய் போடுவதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்களுக்கு உதவும், பருத்திக்கு உதவாது. உப்புக்கு வேலை உண்டு, ஆனால் அது சாயப்பட்டறையில்: சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவது. நூலோடு பிணைக்கச் சோடா வேண்டும். (அப்படித் தள்ளிவிட்டு மிஞ்சிய உப்பு நொய்யல் ஆற்றில் கலந்ததன் விளைவாகத்தான் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.) வீட்டு வாளியில் பிடி உப்புப் போட்டால் வாளிதான் உப்புக் கரிக்கும்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்து வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். வெள்ளை வெள்ளையாக வரும்வரை அலசலாம். வராவிட்டால் அந்தத் துணியைக் கைவிடலாம். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டபோது, அதுவே அதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வெள்ளைத் துண்டுகள் வைத்த க்வில்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

கே: அம்மாவின் பழைய காட்டன் புடவை?

ப: அதைவிட நல்ல அடித்துணி கிடைப்பது அரிது. ஐந்தரை மீட்டர், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியாயிற்று, ஊசி வெண்ணெயாக இறங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தையும் ஜரிகையையும் தவிர்த்தால் போதும். வட கர்நாடகத்தில் எல்லாபுரா, ஹளியாள் பக்கம் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வைகளில் அடித்துணி பெரும்பாலும் புடவைதான். அவர்கள் முறை நேர் தலைகீழ்: முதலில் அடித்துணியை விரித்து, அதன்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் ‘பூலா’ என்ற மடித்த முக்கோணங்கள் வராமல் போர்வை முழுமையாகாது. அடித்துணியைக் கடைசியில் தேடி அலையும் வேலையே அங்கே இல்லை.

கே: ஓட்டலில் இருப்பது போன்ற வழுவழு பெட்ஷீட்?

ப: மெஷினில் தைத்தால் சரி. கையால் என்றால் விரல் கெஞ்சும். நெருக்கமான நெசவில் ஊசி நுழையாது.

கே: பிளெய்ன் துணியா, பூப்போட்டதா?

ப: பிளெய்னில் ஒவ்வொரு தையலும் சாட்சி சொல்லும். முதல் க்வில்ட்டுக்குப் பொடிப் பூ. மேலே வெள்ளை அதிகம் இருந்தால் அடியில் கறுப்பு வேண்டாம். பஞ்சு மெல்லியதாக இருந்தால் நிழல் தெரியும்.

கே: தரையில் விரித்து டேப் ஒட்டுகிறேன். எவ்வளவு இழுப்பது?

ப: சுருக்கம் போகும்வரை, அதற்குமேல் ஒரு நூலும் வேண்டாம். துணியின் உள்பக்கம் மேலே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும் முதலில் ஒட்டி, பிறகு மூலைகள். முரசு மாதிரி இழுத்து ஒட்டிய துணி, டேப்பைப் பிரித்ததும் பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியை நெளிய வைக்கும். பஞ்சை விரிக்கும் முன் ஃபேனை அணைத்துவிடவும்.