வெள்ளையா இருந்தா வெள்ளி!

நாணய நிபுணர் ஆகப் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய காசும், எதிரே இருப்பவரை மடக்குகிற குரலும் இருந்தால் போதும். மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

முதலில் உலோகம். வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளி, மஞ்சளாக இருப்பதில் தங்கம் கலந்திருக்கிறது, சிவப்பாக இருந்தால் செம்பு. இதற்கு மேல் யோசிப்பவர்கள் கிராக்கி பிடிக்க மாட்டார்கள். எங்கள் சித்தப்பாவிடம் 1947-ம் வருஷத்து ஒரு ரூபாய் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. "சுத்த வெள்ளிடா" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன தீபாவளிக்கு அக்கா பையன் அதை எடுத்துப் போய், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தப் பொம்மையிடம் காட்டினான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் ஒட்டும். அந்த ரூபாய் முழுக்க நிக்கல். சித்தப்பா சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை. ஆகவே, நிபுணராக நீடிக்க நினைப்பவர் காந்தத்தை வீட்டுக்குள் விடக் கூடாது.

சரி, ஒட்டாததெல்லாம் வெள்ளிதானே என்று அடுத்த கட்சிக்குத் தாவலாம். அதற்கும் ஒரு காசு குறுக்கே நிற்கிறது. 1992-ல் வந்த, கையில் கனமாக உட்காரும் அந்த ஐந்து ரூபாய். ஒன்பது கிராம். காந்தம் சீண்டாது. ஆனால் அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். வெள்ளி ஒரு குண்டுமணி கூட இல்லை. அதே 1992-ல் வந்த ஒரு ரூபாயோ துருப்பிடிக்காத எஃகு. நம் ஊரில் அதற்குப் பெயரே எவர்சில்வர் என்பதால், "சில்வர் காசு" என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். கேட்பவர் சாப்பாட்டுத் தட்டை நினைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வெள்ளி ரூபாயின் கதையை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மரியாதை போய்விடும். 1835-ல் ஈஸ்ட் இண்டியா கம்பெனிக்காரர்கள் அடித்த ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நகைக்கடையில் கேட்கிற 916 இதே கணக்குதான். பவுன் என்கிறோமே, அந்தப் பிரிட்டிஷ் தங்கக் காசும் பன்னிரண்டில் பதினோரு பங்கு தங்கம். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற அந்த விகிதம், 1940-ல் போர் நெருக்கடியில் பாதிக்குப் பாதி ஆனது. மீதிப் பாதியில் செம்பும் கொஞ்சம் நிக்கலும் துத்தநாகமும். 1947-ல் அந்தப் பாதியும் போய்ப் புலி வந்தது. ஏழே வருஷம். செம்பையும் விட்டுவைக்கவில்லை. 1943-ல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். இவ்வளவும் தெரிந்தால், வருஷத்தைப் பார்த்ததுமே காசுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். அப்புறம் நிபுணருக்கு என்ன வேலை?

அடுத்தது சொற்கள். இங்கே கூச்சமே கூடாது. 'வெரி குட்' என்று ஒரு காசைத் தரம் பிரித்திருந்தால் பிரமாதம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளுங்கள். சேகரிப்பவர்கள் கணக்கில் அது ராஜாவின் மூக்கும் முடியும் தேய்ந்து வழவழவென்று ஆன காசு. அதற்கு மேலே 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' எல்லாம் தாண்டித்தான் புழக்கத்துக்கே போகாத 'அன்சர்குலேட்டட்' வரும். 'புரூஃப்' என்றால் அசல் என்பதற்கான அத்தாட்சி என்று அடித்துவிடுங்கள். மெருகேற்றிய அச்சில், சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடிக்கும் காசு அது என்பது கடைக்காரருக்குத் தெரிந்தால் போதும். வருஷத்தின் கீழே புள்ளி இருந்தால் "பொட்டு வெச்ச காசு, அபூர்வம்" என்று கண்ணை விரியுங்கள். புள்ளி நொய்டா நாணயச்சாலையின் அடையாளம், வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. கோடிக்கணக்கில் அடித்த அபூர்வம்!

விலை விஷயத்தில் கற்பனைக்கு எல்லை கிடையாது. ஒரு பக்கம் ராமர், மறுபக்கம் ஈஸ்ட் இண்டியா கம்பெனி, 1818 என்று வருஷம் போட்ட அரையணா கிடைத்தால் ஊரையே கூட்டுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, பிற்காலத்தில் யாரோ விற்பனைக்குச் செய்த வில்லை அது. "அரிசியை இழுக்கும், அத்தனையும் இரிடியம்" என்று ஒருவர் வந்து செய்தும் காட்டுவார். அரிசியில் இரும்புத்தூள் தடவி, உள்ளே காந்தம் வைத்தால் உங்கள் வீட்டு டம்ளரும் இழுக்கும். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாகப் போன் வந்தால், முன்பணம் கட்டிவிட்டுத்தான் மறு வேலை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில், தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று அறிவித்ததே, அதைப் படித்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சுத்தம். என்னிடம் 1862-ம் வருஷத்துக் காலணா ஒன்று இருந்தது. விக்டோரியா முகத்தின் மேல் காபிக்கொட்டை நிறம் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, பூஜைப் பாத்திரத்தோடு அம்மா அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். ராணி புதுச் சொம்பு மாதிரி பளபளத்தாள். கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் வெளக்கியிருக்காங்க தம்பி. அந்த நெறத்துக்குத்தான் நாங்க காசு குடுப்போம்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுத் தாய விளையாட்டில் அது அம்மாவின் காய்.