தினமும் போயே ஆகணுமா?

கேள்வி: காலையில் வயிறு சுத்தமாகாவிட்டால் அன்று முழுக்க மனசே சரியில்லை. இரண்டு நாள் தள்ளிப்போனால் பேதி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: குடலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது! நாளுக்கு 3 தடவை போகிறவரும், வாரத்துக்கு 3 தடவை போகிறவரும் இயல்பானவர்களே. முக்காமல் முனகாமல் போகிறதா என்பதுதான் கேள்வி. மாத்திரையைப் பழக்கமாக்காதீர்கள். கீரை, அவரைக்காய், கொய்யா, முழுப்பயறு, போதுமான தண்ணீர், தினசரி நடை ஆகியவற்றுக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும். ஆகவே காலை உணவுக்குப் பின் 10 நிமிடம் ஒதுக்குங்கள். செல்போன் வெளியே காத்திருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், தார்க் கறுப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, சில வாரங்களாக மாறிப்போன பழக்கம் இவற்றில் ஒன்றிருந்தாலும், ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். டாக்டரின் அறையில் உங்களுக்கு நாற்காலி உண்டு, வெட்கத்துக்குக் கிடையாது!