டார்ச்சும் ஒரு வசதிதான்

2003-இல் வந்த நோக்கியா 1100-இல் கேமரா கிடையாது, இன்டர்நெட் கிடையாது. தலையில் ஒரு குட்டி டார்ச் உண்டு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. கரண்ட் போனால் ஃபியூஸ் கட்டையைத் தேட அந்த டார்ச் போதும். அப்போது போனில் பேசுவதே ஆடம்பரம் என்றிருந்தவர்களும் உண்டு: ஒரு மிஸ்டு கால் என்றால் ‘கிளம்பிட்டேன்’, ரெண்டு என்றால் ‘பஸ் ஸ்டாண்டுக்கு வா’. பைசா செலவில்லை.

இப்போது மாமாவிடம் மூன்று கேமரா வைத்த போன். நேற்று ராத்திரி கரண்ட் போனது. “டேய், இதுல டார்ச் எங்கடா?” என்று திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாலு செல்ஃபி விழுந்தது. சம்பந்தி வீட்டுக்கு வீடியோ கால் போனது, வெறும் பனியனோடு. அதற்குள் அத்தை தீப்பெட்டியை எடுத்துவிட்டார்.